ஜஸ்டஸ் வீட்டைப் பார்க்க வந்தவர்கள்

ஜஸ்டஸுக்குப் பெண் பார்க்கிறோம் என்று தெரிந்ததும் அணைக்கட்டுக் காலனியில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். "கட்டிக்கிட்டு எங்கீங்க குடி வெப்பாரு?" கேட்டவர்களுக்கெல்லாம் பதில் தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவருக்கு வீடே இல்லாத மாதிரி பேசுவார்கள். வீடு இருந்தது. தண்ணீர் மேல் இருந்தது, அவ்வளவுதான்.

நான் சுலோச்சனா. சோலூரைத் தாண்டி, அணைக்குப் பக்கத்தில் பஸ் திரும்புகிற இடத்தில் மளிகையும் டீயுமாக ஒரு கடை வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் சண்முகசுந்தரம் அணை ஆபீசில் ஃபிட்டர். எங்களுக்குப் பூர்வீகம் கோயமுத்தூர்ப் பக்கம். நான் சொல்வது எழுபதுகளின் தொடக்கம். சிலோன் தோட்டங்களிலிருந்து ஆட்களைத் திருப்பி அனுப்ப, அவர்கள் கப்பல் கப்பலாக வந்து இந்த மலையில் ஏறிக்கொண்டிருந்த சமயம்.

ஜஸ்டஸ் தூத்துக்குடிக்காரர். கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோகிற தோணியில் சின்ன வயதிலேயே ஏறியவர். தோணி வேலை குறைந்துபோனதும், யாரோ சொல்லி இந்த மலைக்கு வந்தார். எங்கள் அணையில் ஒரு படகு இருந்தது. அடிப்பாகம் இரும்பு, மேலே பலகையால் அடித்த ஓர் அறை. லாரியில் துண்டு துண்டாக ஏற்றிவந்து கரையில் வைத்துப் பூட்டிய படகு அது. மழைக்காலத்தில் மலையிலிருந்து அடித்து வருகிற மரக்கட்டையும் செடிகொடியும், தண்ணீர் குழாய்க்குள் போகிற இடத்துக் கம்பியில் போய் அடைத்துக்கொள்ளும். அதையெல்லாம் இழுத்து அப்புறப்படுத்துவது அவர் வேலை. இரவிலும் ஆள் இருக்க வேண்டும் என்பதால் அவருக்குத் தனியாகக் குவார்ட்டர்ஸ் கொடுக்கவில்லை. படகையே குவார்ட்டர்ஸ் என்று சொல்லிவிட்டார்கள்.

மூன்று வருஷமாக அதில்தான் குடியிருந்தார். அணையின் நடுவில், ஆழமான இடத்தில் நங்கூரம் போட்டிருக்கும். அரிசி பருப்புக்கு ஒரு பரிசலில் கரைக்கு வருவார். கடை முன்னால் நிற்கும்போதுகூடக் காலை அகட்டி வைத்துத்தான் நிற்பார். ஒருமுறை கடுங்காய்ச்சல் வந்து எங்கள் வீட்டில் படுக்க வைத்தோம். விடிந்ததும் எழுந்து, "அக்கா, ஒங்க வீடு அசையவே மாட்டேங்கே, எனக்குத் தூக்கமே வரல" என்று புகார் சொன்னார். மீன் கிடைத்தால் முதல் மீன் எங்களுக்கு. மற்றபடி யாரிடமும் எதுவும் கேட்க மாட்டார். ஆனால் நாம் ஒன்று கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவார். கேட்காததையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். அந்த வியாதி ஒன்றுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது.

தங்கச்சிகளுக்குக் கல்யாணம் செய்துவைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அவருக்கு வயது முப்பத்தாறு. ஊரிலிருந்து வந்த இரண்டு சம்பந்தமும் 'தண்ணிக்குள்ள குடியிருக்கவனா?' என்ற கேள்வியோடு நின்றுபோயின. அதற்கப்புறம்தான் நாங்கள் இறங்கினோம். எங்கள் கடைக்குச் சரக்கு கொண்டுவருகிற லாரிக்காரர் பொன்ராஜ், குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற அருளாயியைப் பற்றிச் சொன்னார். சிலோனிலிருந்து வந்தவள். ஜஸ்டஸைப் போலவே வேதக்காரர்கள். அப்பாவும் அம்மாவும் காலமாகிவிட்டார்கள். தாய்மாமா சகாயம் மட்டும்தான். முப்பது வயது தாண்டிவிட்டதாம். பொன்ராஜ் இரண்டு பக்கமும் பேசினார். படகில் குடியிருக்கிறார் என்பதையும் மறைக்காமல் சொன்னார். சகாயம் யோசித்துவிட்டு, "முதல்ல வீட்டைப் பாப்போம்" என்றாராம்.

மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் பெண் வீட்டுப் பெரியவர்கள்தான் வருவார்கள். கூரையைப் பார்ப்பார்கள், அடுப்படியைப் பார்ப்பார்கள், தண்ணீர் வசதியைக் கேட்பார்கள். சம்மதமானால் கை நனைத்துவிட்டுப் போவார்கள். பெண் வருகிற வழக்கமே கிடையாது. ஆனால் அருளாயி தானும் வருவேன் என்று சொல்லிவிட்டாள். "இருக்கப்போறது நான்தானே மாமா" என்றாளாம். அதைக் கேட்டதும் பார்க்காமலே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. கூடவே பயமும் வந்தது. மாமாவைப் பேசிச் சமாளிக்கலாம். இவளைச் சமாளிக்க முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று. காலையில் ஊட்டியில் எல்லோரும் சந்திப்பது, சீசன் நேரமாகையால் கொஞ்சம் சுற்றிப் பார்ப்பது, சாயங்கால பஸ்ஸில் அணைக்கு வந்து வீட்டைப் பார்ப்பது, கடைசி பஸ்ஸில் அவர்கள் திரும்புவது. இதுதான் ஏற்பாடு. பெண்பிள்ளையைப் பரிசலில் ஏற்றி நடுத்தண்ணீருக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம் என்று ஜஸ்டஸ் அன்று விடியற்காலையிலேயே படகைக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார். எங்கள் கடைக்குக் கீழே தண்ணீர் சின்னதாக உள்வாங்கி நிற்கிற இடம் ஒன்று உண்டு. அங்கே கரையோரமாக நிறுத்தி, முன்னும் பின்னும் கயிறு போட்டு இரண்டு சீகை மரத்தில் இழுத்துக் கட்டினார். காலை எடுத்து வைத்தால் நேராக வீட்டுக்குள் போய்விடலாம்.

"தண்ணி எறங்காதுங்களா?" என்று நான் கேட்டேன்.

என் வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார். "ஞாயித்துக்கிழம மில்லெல்லாம் லீவு. கரண்டு அத்தன வேண்டாம். தண்ணி எடுக்கமாட்டாங்க. நீ சும்மா இரு."

படகைப் போய்ப் பார்த்தேன். பலகையெல்லாம் தேய்த்துக் கழுவி, சன்னலுக்குப் புதுத் துணி போட்டு, மாதா படத்துக்கு முன்னால் டேலியாப் பூ வைத்திருந்தார். என் பங்குக்கு ஒரு சட்டி நிறையக் குழம்பு வைத்து அடுப்பு மேடையில் மூடி வைத்தேன். கை நனைக்கிறார்கள் என்றால் நனைக்க ஏதாவது வேண்டுமே.

ஊட்டிக்குப் போகிற பஸ்ஸில் ஜஸ்டஸ் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். சாதாரணமாக இத்தனை பேசுகிற ஆள் இல்லை. வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. "இன்னைக்கு எங்க ஊர்ல இருக்க மாரியே இருக்குக்கா" என்று இரண்டு மூன்று தடவை சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர், "அதுக்குள்ளயா? பொண்ணு இன்னும் சரின்னு சொல்லலைங்க" என்று சீண்டினார். ஜஸ்டஸ் வெட்கப்பட்டு வெளியே பார்த்துக்கொண்டார்.

அவர் பூசைக்குப் போய் வரும்வரை நாங்கள் மார்க்கெட்டில் சுற்றினோம். வர்க்கி வாங்கினோம். பிறகு மூன்று பேருமாக ஹோட்டலில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டோம். எங்களுக்கும் அப்படி ஒரு நாள் எப்போது வாய்த்தது? கடையைப் பூட்டிவிட்டு, யாருக்கும் பதில் சொல்லாமல், வெயிலில் கைவீசிக்கொண்டு நடந்தது எனக்கே புதிதாக இருந்தது. என் வீட்டுக்காரர் எனக்கு ஒரு முழம் பூ வாங்கிக் கொடுத்தார். கல்யாணம் ஆன புதிதில் வாங்கிக் கொடுத்தது. அதற்கப்புறம் இதுதான்.

அருளாயியும் சகாயமும் ஏரிக்கரையில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒல்லியான, உயரமான பெண். கொழுந்து பறித்துக் கறுத்த விரல்கள். அவற்றை மறைக்காமல் முன்னால் கோத்துக்கொண்டு நின்றாள். சகாயத்துக்குக் கோட்டு கொஞ்சம் பெரிது. கோட்டைச் சரிசெய்துகொண்டே கம்பீரமாகப் பேசப் பார்த்தார். பிறகு அவரே, "எல்லாரும் போட்டுல போறாங்க, நாமளும் போவோமே" என்றார்.

வாரத்தில் ஆறு நாளும் படகிலேயே கிடக்கிற மனுஷனை, கரைக்கு வந்த ஒரு நாளில் மறுபடியும் படகிலேயே ஏற்றினோம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. துடுப்புப் போட ஒரு ஆள் இருந்தான். ஜஸ்டஸுக்குச் சும்மா உட்கார முடியவில்லை. சகாயம் ஒரு பக்கம் சாய்ந்தால் இவர் தன்னையறியாமல் மறுபக்கம் நகர்ந்து சரிசெய்வார். அருளாயி விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். கப்பலில் வந்தபோது தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம்வரை வாந்தி எடுத்தாளாம். அவளே சொன்னாள்.

பிறகு அவரைப் பார்த்து நேராகக் கேட்டாள். "நீங்க இருக்கிற படகும் இப்படித்தான் ஆடுமா?"

"இவ்வளவு ஆடாது. ஆனா ஆடும்."

"ராத்திரியிலயும் ஆடுமா?"

"ராத்திரிதான் கூடுதலா ஆடும். காத்து அடிச்சா சட்டி பானையெல்லாம் கெட்டித்தான் வைக்கணும். குளிரும் சாஸ்தி."

நான் அவர் முழங்கையில் கிள்ளினேன். அவருக்குப் புரியவில்லை, என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆடாது என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயா வலித்துவிடும்? ஆனால் அருளாயியின் முகம் சுருங்கவில்லை. விளிம்பிலிருந்து ஒரு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மத்தியானத்துக்கு மேல் பூங்காவில் புல்லில் உட்கார்ந்திருந்தோம். சகாயம் கோட்டைக் கழற்றி மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்து, அசந்து தூங்கிவிட்டார். என் வீட்டுக்காரர் சிலோன் தோட்டத்தைப் பற்றிக் கேட்க, அருளாயி சொன்னாள். அங்கே லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒரே காம்பராவில் ஆறு பேர் இருந்தார்களாம். 'இந்தியாவுக்குப் போங்க, ஓட்டு வீடு இருக்கு, காணி இருக்கு, கிணறு இருக்கு' என்று ஒரு தரகர் வந்து அவள் அப்பாவிடம் சொன்னாராம். அந்தக் கிணற்றுக்கு எத்தனை படி என்பதுகூடச் சொன்னாராம். அப்பா அதை நம்பி இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டார். வந்து இறங்கி விசாரித்தால் அப்படி ஓர் ஊரே யாருக்கும் தெரியவில்லை. அப்பா கடைசிவரை அந்தக் கிணற்றைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார் என்றாள். குரல் உடையாமல்தான் சொன்னாள். ஜஸ்டஸ் புல்லைப் பிய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

சாயங்கால பஸ்ஸில் ஐந்து பேரும் ஏறினோம். எனக்கு மனசு நிறைந்திருந்தது. முடிந்துவிடும் போலத்தான் இருந்தது. இனி வீட்டைக் காட்டுவது ஒன்றுதான் பாக்கி.

கடைசி வளைவில் பஸ் திரும்பியதும் அணை முழுதாகத் தெரியும். ஜஸ்டஸ் முதலில் பார்த்தார். எழுந்து நின்றுவிட்டார். அப்புறம் நான் பார்த்தேன். தண்ணீர் கீழே போயிருந்தது. படகு சேற்றில் உட்கார்ந்து, தண்ணீர்ப் பக்கமாக ஒருக்களித்துச் சாய்ந்திருந்தது. முன்கயிறு அறுந்து தொங்கியது. பின்கயிறு விறைத்துக்கொண்டு அதைப் பிடித்து வைத்திருந்தது. யாரும் பார்க்கக்கூடாத துருப்பிடித்த அடிவயிறு வெளியே தெரிந்தது. வேறு ஏதோ பவர்ஹவுஸில் மிஷின் நின்றுபோய், அன்று முழுக்க எங்கள் தண்ணீரை எடுத்து ஓட்டியிருக்கிறார்கள். அது பிறகுதான் தெரிந்தது.

என் வீட்டுக்காரரை நான் பார்த்த பார்வையில் அவர் எரிந்திருக்க வேண்டும். ஆனால் அவருக்கு மூளை சீக்கிரம் வேலை செய்யும். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே சகாயத்திடம், "பாத்தீங்களா, வருஷா வருஷம் கோடையில இப்படிக் கரையேத்திச் சாச்சு வெச்சுருவாங்க. அடியில பெயிண்ட் அடிக்கோணுமில்லீங்க. இல்லாட்டித் துரு ஏறிப்போயிரும்" என்றார்.

சகாயம் படகைப் பார்த்தார். "அப்படியா? பராமரிப்பெல்லாம் நல்லாத்தான் பண்றாங்க" என்று தலையாட்டினார். நான் மூச்சு விட்டேன். பொய்தான். ஆனால் யாருக்கும் கெடுதல் இல்லாத பொய். ஒரு மனுஷனுக்கு ஒரு குடும்பம் அமைந்துவிடும்.

"இல்லீங்க" என்றார் ஜஸ்டஸ்.

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் நிறுத்தவில்லை.

"பெயிண்ட் அடிக்கதுக்கு இல்லங்க. நான் கெட்டுனது தப்பு. கடல்ல தண்ணி வத்துனா மறுபடி ஏறும். கரையோரமாக் கெட்டுனா, தரைதட்டுனாலும் ஒரு பொழுதுக்குள்ள தானா மெதந்துரும். எங்க ஊர்ல அப்படித்தான் கெட்டுவோம். இங்க வத்துனா வத்துனதுதான். மழை பேஞ்சாத்தான் ஏறும். மூணு வருசமா இதை நான் மறந்ததில்ல. இன்னைக்குக் காலையில சந்தோசத்துல ஊர்ல கெட்டுற மாரிக் கெட்டிட்டேன். எல்லாருஞ் சேந்து தள்ளுனாத்தான் இனி தண்ணிக்குப் போகும். நாளைக்கு ஆபீசர் வந்தா வேலையே போனாலும் போகும். அண்ணாச்சி என்னைக் காப்பாத்தச் சொன்னாவ. அவுக மேல தப்பு இல்ல."

எனக்கு வந்த கோபத்தில் அவரை அங்கேயே அறைந்திருப்பேன். அவ்வளவு வேலையும் போயிற்று. காலையிலிருந்து கோத்தது எல்லாவற்றையும் இவர் ஒரே மூச்சில் உதறிவிட்டார். சகாயம் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "சரிம்மா, பாத்தாச்சு. கடைசி பஸ்ஸைப் பிடிப்போம்" என்றார் அருளாயியிடம். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

"வீட்டைப் பாக்கலையே மாமா" என்றாள் அருளாயி.

"அதான் தெரியுதே, சாஞ்சு கிடக்கு."

"வெளியதானே தெரியுது." செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சேற்றில் இறங்கி நடந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன். ஜஸ்டஸ் அசையாமல் நின்ற இடத்திலேயே நின்றார்.

உள்ளே நிற்கவே முடியவில்லை. பலகையைப் பிடித்துக்கொண்டுதான் நகர வேண்டியிருந்தது. என் குழம்புச் சட்டி கவிழ்ந்து, குழம்பு தரையெல்லாம் ஓடி ஒரு மூலையில் தேங்கியிருந்தது. டேலியாப் பூ அதில் கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன், ஒளிக்கவில்லை. அருளாயி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கொக்கியில் மாட்டிய பாத்திரங்களைப் பார்த்தாள், கயிறு போட்டுக் கட்டிய டிரங்குப் பெட்டியைப் பார்த்தாள், சுருட்டி வைத்த பாயைத் தொட்டாள். சன்னல் துணியை விலக்கி வெளியே பார்த்தாள். மாமா கரையில் அங்குமிங்கும் வேகமாக நடைபோட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா?" என்றாள். "இவர் எப்பவும் இப்படித்தானா?"

"எப்படி?"

"கேக்காததையும் சொல்லிருவாரா?"

"அந்த வியாதிதானே அந்தாளுக்கு" என்றேன் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "எத்தன சொன்னாலும் திருந்தமாட்டேங்கறாரு."

அவள் சிரிக்கவில்லை. சட்டியை நிமிர்த்தி ஓரமாக வைத்தாள். பிறகு சொன்னாள். "எங்கப்பாவுக்கு எல்லாரும் நல்ல நல்ல வீடா சொன்னாங்கக்கா. ஒருத்தர்கூட இப்படிச் சொல்லல."

வெளியே வந்து படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜஸ்டஸ் கீழே சேற்றில் வந்து நின்றிருந்தார். வெள்ளைச் சட்டையில் சேறு தெறித்திருந்தது. அவரிடம் கேட்டாள். "தள்ள எத்தனை பேர் வேணும்?"

"ஆளு கூடுனா நல்லது. காலனியில சொன்னா நாளைக்கே வருவாங்க."

"நாளைக்கு வேணாம். அடுத்த ஞாயித்துக்கிழமை வெச்சுக்கங்க. எனக்கு அன்னைக்குத்தான் லீவு."

பஸ் ஹாரன் அடித்தது. அவ்வளவுதான், போய்விட்டார்கள். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அப்போதுதான் எனக்கு வேறொன்று உறைத்தது. ஒரு வாரம் என்றால் தண்ணீர் இன்னும் கீழே போகும். இன்று தள்ளினால் கொஞ்ச தூரம். ஞாயிற்றுக்கிழமை தள்ளினால் எவ்வளவு தூரமோ. அவளுக்கு அது தெரியாது. எதையும் சொல்லிவிடுகிற ஜஸ்டஸ், அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை ஆபீசர் வந்து சத்தம் போட்டார். ஜஸ்டஸ் நடந்ததை நடந்தபடி சொன்னார். படகு அடுத்த வாரம் தண்ணீரில் நிற்காவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று ஆபீசர் சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் அன்றைக்கே ஆள் சேர்த்துக்கொண்டு வந்து நின்றார். "தண்ணி நாளுக்கு நாள் போய்ட்டே இருக்குதுங்க. இப்பவே தள்ளிருவோம்."

"ஞாயித்துக்கிழமைன்னு சொல்லிருக்காவ அண்ணாச்சி."

"அவங்க வருவாங்களோ மாட்டாங்களோ! வேல போயிருமப்பா!"

ஜஸ்டஸ் தலையை ஆட்டினார். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். காலனியே சிரித்தது. பெண் போய்விட்டது, படகும் போய்விட்டது, இவர் காத்திருக்கிறார் என்று கடையில் டீ குடித்துக்கொண்டே பேசினார்கள். ஒருவன் கையிலிருந்த டீயைப் பிடுங்கிக் கீழே ஊற்றினேன். எங்கள் வீட்டில் வந்து படுங்கள் என்று அவரைக் கூப்பிட்டேன். வரவில்லை. சாய்ந்த படகில் பலகைக்கு முட்டுக் கொடுத்து அதில்தான் படுத்தார். அவள் பார்த்த வீட்டில் ஆள் இல்லாமல் இருக்கக்கூடாதாம். ஒவ்வொரு நாளும் தண்ணீர் இன்னும் தள்ளிப்போவதை நான் கடையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் வராவிட்டால் இந்த மனுஷனை என்ன செய்வது என்று நினைத்து நினைத்து எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் அவள் வரவில்லை. ஜஸ்டஸ் சேற்றில் கற்பூரமரக் கட்டைகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். பஸ் வந்து திரும்பிப் போனதை நிமிர்ந்து பார்த்தார், மறுபடியும் குனிந்து கட்டையை நகர்த்தினார். என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

அதற்கப்புறம் பொன்ராஜின் லாரி வந்தது. சரக்கு வண்டியில் சரக்கு இல்லை. பின்னால் முழுக்க ஆட்கள். சகாயம், லயத்து ஆண்கள், கொழுந்து பறிக்கிற பெண்கள். அருளாயி எல்லோருக்கும் முன்னால் குதித்து இறங்கினாள். தண்ணீர் இருந்த இடத்தைப் பார்த்தாள். படகு இருந்த இடத்தைப் பார்த்தாள். நடுவில் கிடந்த சேற்றுப் பரப்பை வெகுநேரம் பார்த்தாள்.

"இவ்வளவு தூரமா போச்சு? நீங்க சொல்லலையே" என்றாள் ஜஸ்டஸிடம்.

"சொன்னா நீங்க வரவேண்டாம்னு ஆகிருமேன்னு…" என்றார். அந்த மனுஷன் எதையோ மறைத்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். அருளாயி அவரை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு படகின் பின்னால் போய்த் தோளைக் கொடுத்தாள்.

வெயில் உச்சிக்கு ஏறும்வரை தள்ளினோம். கட்டையை எடுத்து முன்னால் போடுவதும், தள்ளுவதும், மறுபடியும் கட்டையை எடுத்துப் போடுவதுமாக இருந்தது. சகாயம் கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, தோட்டத்தில் கங்காணி அதட்டுகிற குரலில் எல்லோரையும் விரட்டினார். சிரித்த காலனிக்காரர்களும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்துகொண்டார்கள். கடைசித் தள்ளில் படகு வழுக்கிக்கொண்டு ஓடித் தண்ணீரில் விழுந்தது. இரண்டு பக்கமும் ஆடியது. பிறகு மெல்ல மெல்ல நேராக நின்றது. நான் கத்திய கத்தல் சோலூர்வரை கேட்டிருக்கும்.

அருளாயி முழங்கால்வரை தண்ணீரில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். ஜஸ்டஸ் கயிற்றைப் பிடித்துப் படகை அவள் பக்கமாக இழுத்தார். தலைமுடியெல்லாம் சேறு. முகமெல்லாம் சிரிப்பு.

"இப்ப வீட்டைப் பாருங்க" என்றார்.

"அதை அன்னைக்கே பாத்துட்டேன்" என்றாள்.